ஒரே வீட்டுக்கு இரண்டு விலாசம்

ஸ்கல்பின் கோவ், நியூஃபவுண்ட்லாந்து
மே பதினான்கு, செவ்வாய்க்கிழமை

அன்பும் மரியாதையும் மிக்க பிலோமினா அக்காவுக்கு, உன் தம்பி லியாண்டர் எழுதிக்கொள்வது.

நாங்கள் நால்வரும் இங்கே சுகம், அங்கே ஆல்பர்ட்டாவில் நீயும் கில்பர்ட் அத்தானும் சுகமா என்று தொடங்கத்தான் ஆசை. ஆனால் இந்தப் பதினோரு மாதமாக எதை எழுதிக் கொடுத்தாலும் அதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டு என்னைப் பழக்கிவிட்டார்கள். சுகம் என்று எழுதினால் அதற்கும் ஆதாரம் வேண்டும். உயிரோடு இருக்கிறோம். அதை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன்.

நீ அனுப்பிய அட்டை கிடைத்தது. வெளியே வெள்ளைப் பூ, உள்ளே பிரிவைத் தாங்கும் வலிமையை இறைவன் தரட்டும் என்று தங்க எழுத்தில் அச்சடித்திருந்தது. அதன் கீழே உன் கையெழுத்தில், ரொசெல்லா இல்லாமல் எப்படிச் சமாளிக்கிறாய், சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாய் என்று கேட்டிருந்தாய். அதை ரொசெல்லாதான் பிரித்துப் படித்தாள். படித்து முடித்ததும், "சாப்பாட்டுக்கு என்ன பண்றேன்னு உங்க அக்கா கேக்குறாங்க, பதில் எழுது" என்று சொல்லி அட்டையை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். தட்டில் அவள் சமைத்த மூஸ் மான் இறைச்சி இருந்தது. நாங்கள் பிரியவில்லை அக்கா. சித்தி மகள் வின்னி உனக்குப் போன் செய்து சொன்னதை நம்பாதே. வின்னி பொய் சொல்லவில்லை, கொடுமையே அதுதான். ஆனாலும் நம்பாதே. முதலிலிருந்து சொல்கிறேன், உட்கார்ந்து படி.

போன ஜூனில் நண்டு ஆலையின் குளிர்பதன இயந்திரம் வெடித்தது உனக்குத் தெரியும். இரண்டு வாரத்தில் திறப்போம் என்று முதலாளி கதவில் ஒரு காகிதம் ஒட்டினார். காகிதம் இன்னும் கதவில் இருக்கிறது, முதலாளியைத்தான் காணவில்லை. இருபத்திரண்டு வருஷம் நண்டு வேகவைத்த கைகளைப் பையில் விட்டுக்கொண்டு நான் வீட்டுக்கு வந்தேன். வேலையின்மை உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட்டேன். நண்டு வேகிற ஆவி ஒத்துக்கொள்ளாமல் ஆஸ்துமா பிடித்து ரொசெல்லா ஆலையை விட்டு ஒன்பது வருஷம் ஆயிற்று, ஆகவே வீட்டில் வருமானம் என்னுடையது ஒன்றுதான். அது போனால் எங்கள் பெரியவள் டெல்லாவுக்கும் சின்னவள் ஜூனுக்குமாக மாதாமாதம் வருகிற பிள்ளைகள் உதவித்தொகை இருக்கிறது, ஆறு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டால் என் பணமும் வந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தோம். ஆறாவது வாரம் எங்கள் தபால் பெட்டியில் இரண்டு கடிதங்கள் இருந்தன. ஒன்று எனக்கு, பின் தெரு பதினான்காம் எண். இன்னொன்று ரொசெல்லாவுக்கு, கேப்டன் ஈசாயா பார்டி சாலை இருநூற்று இருபத்தொன்றாம் எண்.

நீ ஊரைவிட்டுப் போன பிறகு நடந்தது இது. ஆம்புலன்ஸ் வழி தவறக் கூடாது என்று ஊராட்சிக்காரர்கள் பின் தெருவுக்குப் பழைய மேயர் பெயரை வைத்து, வீட்டு எண்களையும் மாற்றிவிட்டார்கள். எழுபது வீடு உள்ள ஊரில் இருநூற்று இருபத்தொன்று எங்கிருந்து வந்தது என்று கேட்டேன், எதிர்கால வளர்ச்சிக்காக என்றார்கள். ரொசெல்லா தன் ஓட்டுநர் உரிமத்தில் புது விலாசத்தை மாற்றிக்கொண்டாள். நான் ஆலையில் மாற்றவில்லை. அவ்வளவுதான் அக்கா நான் செய்த குற்றம். அலுவலகத்துக் கம்ப்யூட்டர் இரண்டு விலாசத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, நாங்கள் பிரிந்துவிட்டோம் என்று தானாகவே முடிவு செய்துகொண்டது. ரொசெல்லாவுக்கு வந்த கடிதம், இந்தக் கடினமான நேரத்தில் எங்கள் அனுதாபங்கள் என்று தொடங்கி, பிள்ளைகள் தாயிடமா தகப்பனிடமா என்பது உறுதியாகும்வரை பிள்ளைகள் உதவித்தொகை நிறுத்திவைக்கப்படுகிறது என்று முடிந்தது. எனக்கு வந்ததில், பிள்ளைகள் உதவிப் பிரிவு என் குடும்ப நிலையை முடிவு செய்யும்வரை வேலையின்மைப் பிரிவு காத்திருக்கும் என்று இருந்தது. பிள்ளைகள் உதவிப் பிரிவோ, வேலையின்மைப் பிரிவு என் விலாசத்தை உறுதி செய்யட்டும் என்று காத்திருக்கிறது. இரண்டு பிரிவும் ஒரே கட்டிடத்தில், ஒரே மாடியில் இருக்கின்றன என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அந்தக் கடிதங்கள் வந்த அன்றைக்கு ரொசெல்லா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். தேதி குறித்து வைத்திருக்கலாம், அப்புறம் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

ஒரு போன் பேசினால் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். வீட்டுப் போனைக் கட்டணம் கட்டாததால் துண்டித்துவிட்டார்கள். கைபேசிக்குச் சிக்னல் கிடைப்பது கல்லறை மேட்டில் மட்டும்தான், அதிலும் சரியாக நம் அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில். அங்கே போய் நின்று மூன்று நாள், தினம் மூன்று மணி நேரம், போனைக் காதில் வைத்துக்கொண்டு, அலுவலகத்தில் ஆள் எடுக்கும்வரை ஒலிக்கிற ஒரே பியானோ துண்டைக் கேட்டேன். அம்மா உயிரோடு இருந்தபோது நான் அவளோடு இவ்வளவு நேரம் நின்றதில்லை. கடல் காற்று முகத்தில் அறைந்து கண்ணில் தாரை தாரையாக நீர். மூன்றாம் நாள் ஃபாதர் இஃபியானி மேடேறி வந்தார். நைஜீரியாவிலிருந்து புதிதாக வந்திருக்கிற சாமியார், தங்கமான மனுஷன். அவர் கோயிலுக்கு நான் போனதில்லை, அவரை அதுவரை நேரில் பார்த்ததும் இல்லை.

"லியாண்டர்தானே? மூணு நாளா ஜன்னல்லேருந்து பாக்குறேன். அம்மாவ நெனச்சு அழுறது தப்பில்ல. மனசு விட்டு அழுங்க."

"ஃபாதர், நான் அழல. காத்து."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க" என்று என் தோளில் கை வைத்தார். அந்த நேரம் பார்த்து பியானோ நின்று, "வணக்கம், உங்களுக்கு எப்படி உதவட்டும்?" என்று ஒரு பெண் குரல் கேட்டது. ஒன்பது மணி நேரம் காத்திருந்த குரல் அக்கா. நான் வாயைத் திறக்குமுன் ஃபாதர் கண்ணை மூடி ஜெபம் ஆரம்பித்துவிட்டார். அம்மாவின் ஆத்துமாவுக்காக ஒருவர் ஜெபிக்கும்போது நடுவில் விலாசம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் ஆமென் சொல்வதற்குள் அந்தப் பெண் வைத்துவிட்டாள்.

செப்டம்பரில் ஊராட்சியிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு, இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி, நகரத்து அலுவலகத்துக்கே போனேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் டோரீன் யெட்மன் என்று ஒரு பெண். நல்ல பெண். அவளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அதனால்தான் யாரைக் குறை சொல்வது என்று தெரியாமல் இப்படித் தவிக்கிறேன்.

"ரெண்டும் ஒரே வீடும்மா. ஒரே கதவு. பேருதான் மாறிச்சு. இதோ ஊராட்சி எழுதிக் குடுத்திருக்கு" என்றேன்.

அவள் படித்தாள். "ரோடு ஒண்ணுதான்னு இதுல நல்லாத் தெரியுது கண்ணு. ஆனா நீங்க ரெண்டு பேரும் அந்த வீட்ல சேந்து இருக்கீங்கன்னு இதுல எங்க இருக்கு?"

"இல்லாம? நாங்க எப்பப் பிரிஞ்சோம்?"

"ஜூன் இருபத்தாறுன்னு போட்டிருக்கு கண்ணு."

"அன்னிக்கு நாங்க கூரைக்குத் தார் பூசிட்டிருந்தோம்!"

"பிரிஞ்சதுன்னு ஒரு தடவ பதிவாயிடுச்சுன்னா, திரும்பச் சேந்ததுக்கு ஆதாரம் வேணும் கண்ணு. உங்களுக்குச் சொந்தமில்லாத ரெண்டு பேரு, கண்ணால பாத்ததை அவங்களே எழுதி நேரா எங்களுக்கு அனுப்பணும்."

"வந்து நீங்களே பாருங்களேன். டீ போட்டுத் தரேன்."

"வீட்டுக்கு வந்து பாக்குறத நிறுத்தி ரொம்ப வருஷமாச்சு கண்ணு" என்று சொல்லும்போது அவளுக்கே வருத்தமாக இருந்தது.

சொந்தமில்லாத இரண்டு பேர்! நம் ஊரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டுமா? இங்கே நாய்க்குட்டிகூட ஏதோ ஒரு வகையில் நமக்கு ஒன்றுவிட்ட உறவு. ஊர் முழுக்க யோசித்ததில் தேறியது இரண்டே பேர். ஒருவர் ஃபாதர் இஃபியானி. இன்னொருவர் பக்கத்து வீட்டை வாங்கியிருக்கிற டொராண்டோக்காரர் ஹார்கிரேவ், ஓய்வுபெற்ற வாத்தியார், கோடைக்கு வந்து பறவை பார்த்துக் குறிப்பெடுத்துவிட்டு இலை உதிரும்போது போகிறவர். இரண்டு பேரும் சந்தோஷமாகச் சம்மதித்தார்கள். என்னிடம் காட்டக் கூடாது என்பது விதியாம், ஒட்டி நேராக அனுப்பிவிட்டார்கள். நான் நிம்மதியாக ஒரு மாதம் இருந்தேன். நவம்பரில் மறுப்புக் கடிதம் வந்தது, ஆதாரமாக அந்த இரண்டு கடிதங்களின் நகலோடு.

ஃபாதர் எழுதியிருந்தார்: "திருமதி க்ரிச் தவறாமல் இரு பிள்ளைகளோடும் கோயிலுக்கு வருகிறார். கணவர் உடன் வந்து நான் பார்த்ததில்லை. இதற்கு முன் அவரை நான் சந்தித்தது கல்லறைத் தோட்டத்தில் மட்டுமே. மூன்று நாட்கள் தனியாக நின்று அழுதுகொண்டிருந்தார். இந்தக் குடும்பத்துக்காகத் தினமும் ஜெபிக்கிறேன்." வாத்தியார் தேதி வாரியாக எழுதியிருந்தார்: "திரு க்ரிச் மிகவும் கண்ணியமானவர். வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் வசிக்கிறார். அங்கே அடுப்பும் நாற்காலியும் ரேடியோவும் இருக்கின்றன. திருமதி க்ரிச் மதிய உணவைக் கொட்டகை வாசலுக்குக் கொண்டுவந்து தருகிறார். அப்போது இருவரும் சில வார்த்தைகள் பேசிக்கொள்கிறார்கள், வழக்கமாகச் சத்தமாக."

ஒரு வார்த்தை பொய் இல்லை. நான் கொட்டகையில் படகு எஞ்சின் பழுது பார்ப்பது ரொசெல்லாவின் நெஞ்சுக்குப் பெயின்ட் வாடையும் பெட்ரோல் வாடையும் ஆகாது என்பதற்காகத்தான். அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை, பறவையைப் பார்ப்பது போலப் பார்த்து எழுதிவிட்டார்.

"நான் எப்பச் சத்தமாப் பேசினேன்?" என்று ரொசெல்லா கேட்ட சத்தத்தில் மாடியிலிருந்து டெல்லா இறங்கி வந்துவிட்டாள்.

அந்தக் குளிர்காலத்தைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை அக்கா. வீட்டைச் சூடாக்குகிற எண்ணெய் ஊற்றுகிறவர் வருவதை நிறுத்திவிட்டார், விறகு அடுப்பு இருக்கிற ஒரே அறையில் நால்வரும் இருந்தோம். அப்போது யாராவது வந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், எவ்வளவு ஒன்றாக இருந்தோம் என்று. மாமன் மக்கள் கொடுத்த மூஸ் இறைச்சி இருந்தது, உப்பு மீன் இருந்தது, ரொசெல்லா கடைக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தாள். டெல்லா, தன் வகுப்பே சுற்றுலா போன நாளில், வயிற்றுவலி என்று சொல்லி வீட்டில் படுத்துக்கொண்டாள். பதினான்கு வயதுப் பெண், எங்களிடம் பணம் கேட்கக்கூட இல்லை. இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் ரொசெல்லா தன் இன்ஹேலரை இரண்டு முறை இழுக்க வேண்டிய இடத்தில் ஒரு முறை இழுத்து மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

ஜனவரியில் மறுபரிசீலனை மனுவோடு மறுபடி டோரீனிடம் போனேன். அவள் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு ஜன்னலுக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்தாள்.

"நான் சொன்னதா வேணாம் கண்ணு. நீங்க எதுக்கு எதிர்த்துப் போராடுறீங்க? பிரிஞ்சிட்டோம்னு இந்தப் படிவத்துல ஒரு டிக் போட்டுக் கையெழுத்துப் போடுங்க. அவங்க தனியாப் பிள்ளைங்கள வளக்குறாங்கன்னு ஆயிடும், பத்தே நாள்ல பணம் வரும். இப்ப வர வேண்டியதவிட அதிகமாவே வரும். உங்களோடதும் தானா நகந்துரும்."

"ஆனா அது பொய்யில்லியா?"

"எங்க பதிவுல அதுதான் உண்மை கண்ணு. நீங்க சொல்றதுதான் நிரூபணமாகல."

படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

பிப்ரவரியில் ஒரு மத்தியானம், ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தவள் அப்படியே மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்ஹேலர் காலி. உதடு சாம்பல் நிறம் ஆகிவிட்டது. வெளியே பனிப்புயல், என் வண்டி வாசலைத் தாண்டவில்லை. ஊராட்சியின் பனி அள்ளுகிற வண்டியை நடுரோட்டில் கை நீட்டி நிறுத்தி, அவளை அந்த உயரத்துக்குத் தூக்கி ஏற்றி, நானும் தொற்றிக்கொண்டு, வழியெல்லாம் பனியை ஒதுக்கி ஒதுக்கிப் போய் மருத்துவமனை சேர ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரமும் அவள் என் கையைப் பிடித்திருந்தாள், பேசவில்லை. அவள் பேசாமல் இருந்ததுதான் எனக்குப் பயம். பிராணவாயு வைத்து மூன்று நாள் கழித்து அனுப்பினார்கள். மறுநாள் காலை நான் அந்தப் படிவத்தை எடுத்து, பிரிந்துவிட்டோம் என்ற கட்டத்தில் டிக் போட்டு, கையெழுத்திட்டு, தபால் நிலையத்தில் வின்னியிடம் கொடுத்தேன்.

வின்னியைப் பற்றி உனக்குத் தெரியும். உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் அவள் முத்திரை குத்தியதில்லை. நான் வீடு வந்து சேர்வதற்குள் பிள்ளைகள் மூலமாக ரொசெல்லாவுக்கும், போன் வழியாக ஏழு வீட்டுக்கும், ஆல்பர்ட்டாவில் உனக்கும் செய்தி போய்விட்டது. சட்டப்படி செய்யக் கூடாத வேலை, ஆனாலும் உறையைக்கூடப் பிள்ளைகளிடமே திருப்பிக் கொடுத்தனுப்பிவிட்டாள். நான் கொட்டகையில் இருந்தேன். மருத்துவமனையிலிருந்து வந்து ஒரு நாள்கூட ஆகாத ரொசெல்லா, முழங்கால் பனியில் நடந்து வந்து வாசலில் நின்றாள்.

"என்ன இது?"

"பிள்ளைங்களுக்காக, ரோசி. உன் மருந்துக்காக. பத்து நாள்ல வந்துரும்னு அந்தப் பொண்ணு சொன்னா."

"பதினாறு வருஷம் உன்னோட குப்பை கொட்டியாச்சு. விட்டுப் போறதா இருந்தா நான் போவேன். எனக்குத் தோணுற அன்னிக்கு, என் பெட்டிய நானே கட்டிக்கிட்டு, உன் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போவேன். எவனோ அச்சடிச்ச கட்டத்துல நீ டிக் போட்டு என்னை அனுப்பாத."

உறையைக் கொட்டகை அடுப்பில் போட்டாள். எரிந்து முடிகிறவரை நின்று பார்த்தாள். பிறகு, "சோறு ஆறுது, உள்ள வா" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு வெட்கமாக இருந்தது அக்கா. அவள் மூச்சுக்காகத்தான் அதைச் செய்தேன். அதே மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் பனியில் நடந்து வந்து என்னைத் திட்ட வேண்டியதாயிற்று.

ஆகவே மேல்முறையீடு செய்தோம். ஏப்ரலில் விசாரணை, ஊராட்சி அலுவலகத்துக் கம்ப்யூட்டர் திரையில். மேல்முறையீட்டு மன்றத்தின் சார்பில் மேடம் லவாலே என்று ஒரு வயதான அம்மாள், கியூபெக்கில் எங்கிருந்தோ பேசினாள். நான் இரண்டு பக்கம் பேச்சு எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். மதிப்பிற்குரிய மன்றத்தாருக்கு என்று ஆரம்பித்தேன்.

"ரோடு பேரு மாறின அன்னிக்கே ஆலையில போய்ச் சொல்லுன்னு நான் சொன்னேன்" என்றாள் ரொசெல்லா.

"ரோசி, நான் பேசிட்டிருக்கேன்."

"சொன்னனா இல்லியா? அம்மா, இவர்கிட்ட மூணு தடவ சொன்னேன். நாளைக்கு, நாளைக்குன்னு."

"நீ சொன்னது லைசென்ஸப் பத்தி! ஆலையப் பத்தி எங்க சொன்ன?"

"பாத்திரம் கழுவிட்டிருக்கும்போது சொன்னேன். நீ ரேடியோவக் கேட்டுட்டு உம் உம்னு தலையாட்டின. அப்புறம் அந்த வாத்தியார்கிட்டப் போய்க் கடிதம் கேட்டியே, கொட்டகைய ஏன் வச்சிருக்கோம்னு அவருக்கு ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொந்தக் கொட்டகைக்குக் காரணம் சொல்லிக்கிட்டா சுத்துவாங்க?"

எவ்வளவு நேரம் இப்படிப் போனது என்று தெரியவில்லை. திரையில் அந்த அம்மாள் குறுக்கே பேசவே இல்லை. என் பேச்சுக் காகிதம் கையில் ஈரமாகிவிட்டது. தோற்றுவிட்டோம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சண்டை போட வேண்டிய நேரமா இது? கடைசியில் மேடம் லவாலே கண்ணாடியைக் கழற்றினாள்.

"திரு க்ரிச், ஒரே கேள்வி. கொட்டகைக்குச் சாப்பாடு கொண்டு வரும்போது உங்க மனைவி சத்தமா என்னதான் சொல்வாங்க?"

நான் வாயைத் திறந்தேன். ரொசெல்லாவும் திறந்தாள். "ஆறிப்போனா என்னைக் கேக்காத!" இரண்டு பேர் வாயிலிருந்தும் ஒரே நேரத்தில், ஒரே ராகத்தில் வந்தது.

அந்த அம்மாள் எதையோ எழுதிக்கொண்டாள். சிரித்தாளா என்று தெரியவில்லை, படம் விட்டு விட்டு வந்தது. அதோடு விட்டிருக்கலாம், ஆனால் ரொசெல்லா விடவில்லை. மெதுவாகத்தான் பேசினாள், அவளுக்கு மூச்சு முட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா, பிரிஞ்சிட்டோம்னு ஒரு கோடு போட்டிருந்தா எனக்குப் பிப்ரவரிலயே பணம் வந்திருக்கும். மருந்து வாங்கியிருப்பேன். நான் கோடு போடல. இங்கதான் இருந்தேன். குளிர்ல, இந்த மனுஷனோட, இருந்தேன். விட்டுட்டுப் போறவளுக்கு ஆதாரம் வேணாம், இருக்கிறவளுக்கு வேணுமா?"

ஊராட்சி எழுத்தர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

நேற்று தீர்ப்பு வந்தது. ஐந்து பக்கம். மனுதாரர்கள் ஒரே கூரையின் கீழ் ஒரே குடும்பமாக வாழ்ந்துவருகிறார்கள், ஒருபோதும் பிரிந்ததில்லை என்று எழுதி, கீழே கையெழுத்தும் முத்திரையும். ஜெயித்துவிட்டோம் அக்கா. அதை ரொசெல்லா ஜூனுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். ஆகவே யார் கேட்டாலும் சொல், உன் தம்பியும் தம்பி மனைவியும் பிரியவில்லை, அரசாங்கமே ஒத்துக்கொண்டது என்று. பணம் எதுவும் அனுப்ப வேண்டாம். நாங்கள் எங்கேயும் போகப் போவதில்லை.

கில்பர்ட் அத்தானுக்கு என் வணக்கங்கள், அவருடைய முதுகுவலி இந்தக் கடிதம் வருவதற்குள் நீங்கியிருக்க வேண்டும். பிள்ளைகள் உன்னை மிகவும் கேட்டதாக எழுதச் சொன்னார்கள். ரொசெல்லா, அட்டைக்கு நன்றி என்று மட்டும் எழுதச் சொன்னாள். கடவுள் உங்கள் வீட்டுக்குத் தீர்க்காயுசையும், தெருவுக்கு மாறாத பெயரையும் தரட்டும்.

என்றும் உன் அன்புத் தம்பி,
லியாண்டர்

பின்குறிப்பு: தபால் நிலையம் இப்போது வாரத்தில் மூன்று காலைகள்தான் திறக்கிறது, அதனால் உறையை ஒட்டாமல் வைத்திருந்தேன். இன்று வெள்ளிக்கிழமை. அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மன்றத்தின் தீர்ப்பை முழுமையாக ஏற்கிறார்களாம். ஆகவே தனித்தனியாக இருந்த எங்கள் இரண்டு கோப்புகளையும் மூடிவிட்டு, ஒரே குடும்பம் என்று புதிதாக ஒரு கோப்பு திறந்து, முதலிலிருந்து பரிசீலிப்பார்களாம். தொண்ணூறு வேலை நாள். எங்கள் பொறுமைக்கு முன்கூட்டியே நன்றி சொல்லியிருக்கிறார்கள். ரொசெல்லா அதை இரண்டு தடவை படித்தாள். மடித்து ரொட்டி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு, "போ" என்றாள்.

"எங்க?"

"உங்க அத்தான் வேலை பாக்குற எடத்துல ஆள் எடுக்குறாங்களாம். போ. இன்னொரு குளிர்காலத்துக்குள்ள மருந்து வேணும், எண்ணெய் வேணும். தொண்ணூறு நாள எண்ணிட்டு உக்கார என்னால ஆகாது."

ஊராட்சி அலுவலகத்துப் போனிலிருந்து அத்தானிடம் பேசிவிட்டேன், உன்னிடம் இன்னும் சொல்லியிருக்க மாட்டார். செவ்வாய்க்கிழமை மாலை விமானம். டிக்கெட்டை அவரே எடுத்துவிட்டார், முதல் சம்பளத்தில் கழித்துக்கொள்வார். உன் வீட்டு அடித்தளத்தில் ஒரு கட்டில் போட்டு வை. கிறிஸ்துமஸ் வரை திரும்பி வர முடியாது. ஆகவே மேலே நாங்கள் பிரியவில்லை என்று எழுதியிருக்கிற இடங்களையெல்லாம் அடித்துவிட்டுப் படி. வின்னியிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல், அவள் கொஞ்சம் முந்திச் சொல்லிவிட்டாள், அவ்வளவுதான்.

விலாசம் மாறினால் உடனே தெரிவிக்க வேண்டும் என்பது விதி. ஒரு தடவை தெரிவிக்காமல் பட்டதே போதும் என்று, இன்று சாப்பிட்டவுடன் படிவத்தை எடுத்து வைத்து நிரப்பினேன். புது விலாசத்தில் உன் வீட்டு எண். அடுத்த வரியில், துணைவரோடு ஒரே விலாசத்தில் வசிக்கிறீர்களா என்று கேட்டிருந்தது. இல்லை என்று எழுதினேன். ஜூன் என் தோள் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாம ஜெயிச்சிட்டோம்னு அம்மா படிச்சுக் காட்டினாங்களே?"

"ஆமாம்மா, ஜெயிச்சிட்டோம்."

"அப்ப எதுக்கு இல்லன்னு எழுதுற?"

அவளுக்கு எட்டு வயது அக்கா. நான் பேனாவை மூடி வைத்துவிட்டு, அம்மாவைக் கேள் என்றேன். அவள் அம்மா என் பெட்டியில் கம்பளிச் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே, "அப்பாவக் கேளு" என்றாள்.